வாழைப்பழ வாசமும் இருபது சிவப்பு நகங்களும்

லுசாலா, என் பெரியப்பா மகளின் மூன்றாவது பையன். முந்தின இரண்டும் உழைத்துச் சாப்பிடுகிறவை. இவன் கின்ஷாசா தெருக்களில் நெயில் பாலிஷ் குப்பிகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு நடப்பான். சத்தம் கேட்டதும் பெண்கள் பூசிக்கொள்ளக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். "டாக்டர் வந்தாச்சு!" என்பான். இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த டாக்டர்.

பாலிஷ் அழிக்கும் ரிமூவரும் விற்பான். மூடியைத் திறந்தால் கனிந்த வாழைப்பழ வாசம் தூக்கும்.

போன வருஷம், மறுநாள் கல்யாணத்துக்குப் போக, அவன் சின்னம்மா தோலி ரத்தச் சிவப்பில் பூசிக்கொண்டாள். மத்தியானம் அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். எங்களில் புருஷனை இழந்தவளும் செத்தவனின் கூடப்பிறந்தவளும் வெறும் நகத்தோடு பாயில் உட்கார வேண்டும். பெண்டாட்டி கையில் பாலிஷ் தெரிந்தால் சாவைக் கொண்டாடினாள் என்று புருஷன் வீட்டார் அன்றைக்கே வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள்.

தோலி தேய்த்தாள், தேய்த்தாள். வாசம் வந்தது, சிவப்பு போகவில்லை. நான் லுசாலாவைக் காதைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"இதுல என்னடா இருக்கு?"

"தண்ணி, பெரியம்மா."

"தண்ணியில ஏதுடா வாழைப்பழ வாசம்?"

"குச்சி ஐஸுக்குப் போடுற எசன்ஸ். அடியில கொஞ்சம் அசலும் இருந்துச்சு..."

"பாவி, என் வீட்டையே கரைச்சுட்டியேடா!" என்று தோலி அலறினாள்.

அதற்குள் மூத்த நாத்தனார் வெரோனிக், கைகளைக் கறுப்புத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என் தம்பியத் தின்னவளே! கையக் காட்டுடி!"

தோலி கையை மறைத்தாள். வெரோனிக் ஆத்திரத்தில் துணியை உதறிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பத்துச் சிவப்பு நகம். பிடித்த கையிலும் அதே சிவப்பு, அதே வாழைப்பழ வாசம்.

"அண்ணி, நீங்களும் இவன்கிட்டதான் வாங்கினீங்களா?" என்று தோலி மெதுவாகக் கேட்டாள்.

"வாய மூடிக்கிட்டு அழுடி," என்ற வெரோனிக், கறுப்புத் துணியை இரண்டு பேர் கைமேலும் சேர்த்துப் போர்த்தினாள். வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அசல் வித்திருந்தா சின்னம்மா தெருவுலதான் நின்னிருக்கும்," என்று லுசாலா இப்போது ஊரெல்லாம் சொல்கிறான். அசலாயிருந்தால் நகமே வெறுமையாகியிருக்கும் என்பது அந்த மண்டையில் ஏறாது. வீட்டைக் காப்பாற்றிய உரிமையில் ஞாயிறுதோறும் தோலி வீட்டில் கோழிக் குழம்புக்கு உட்காருகிறான்.

அவளும் ஊற்றத்தான் செய்கிறாள். வாசம் பிரமாதம். தண்ணீர்தான் கொஞ்சம் தூக்கல்.