கூப்பிடாமல் வந்த லிஃப்ட்

எங்கள் மாடிக்கு எண் கிடையாது. பதின்மூன்றுக்கு மேலே, பதினைந்துக்குக் கீழே இருக்கிறோம். லிஃப்ட்டில் 13A என்று போட்டிருக்கும். சீனர்களுக்கு நாலு ஆகாது என்பதால், கட்டியவர் நாலு வருகிற இடத்தையெல்லாம் துடைத்துவிட்டார். பினாங்கு ஜெலுத்தோங்கில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில், “இல்லாத மாடியில் இருக்கிறோம், கடன்காரன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது” என்று சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் நானும் நிறுத்திவிட்டேன்.

காலையில் ஓடுவது என் யோசனை அல்ல. எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. கிளினிக்கில் இருக்கும் டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரத்த ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அங்கிள், மூணு மாசம் டைம் தரேன். இறங்கலன்னா ஊசிதான். தினமும் நீங்களே வயித்துல போட்டுக்கணும்லா” என்றார். கடைசி வாக்கியத்தை அவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் நான் பயப்படுகிற ஒரே பொருள் ஊசி. ஆறாம் வகுப்பில் நர்ஸ் வந்த அன்று கழிப்பறையில் ஒளிந்துகொண்டு, மணி அடித்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டிய பிறகுதான் வெளியே வந்தேன். பேய் பிசாசுக்குப் பயமில்லை. பேய்க் கதைப் புத்தகங்கள் மட்டும் இரண்டு அலமாரி வைத்திருக்கிறேன்; அத்தனையும் படித்தவன் என்ற முறையில் அந்தத் துறையில் எனக்கு ஒரு நிதானம் உண்டு என்று நினைத்திருந்தேன்.

வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில். ஆறே முக்காலுக்குள் காரை எடுக்காவிட்டால் பாலத்தில் மாட்டிக்கொள்வேன். ஆகவே ஓட்டம் ஐந்து மணிக்கு. பினாங்கில் ஐந்து மணி என்பது காலை அல்ல, இரவின் மிச்சம். ஏழு மணி தாண்டித்தான் இங்கே சூரியன் மனசு வைக்கும்.

இருட்டில் புறப்படுவது தனிக் கலை. விளக்கைப் போட்டால் மனைவி விழித்துக்கொள்வாள். போடாவிட்டால் அவளுடைய சட்டையை நான் மாட்டிக்கொள்வேன். ஒரு நாள் மாட்டிக்கொண்டும் போனேன். எனவே முதல்நாளே எல்லாவற்றையும் நாற்காலியில் வரிசையாக வைத்துவிடுவேன்: அரைக்கால் சட்டை, காலுறை, இரத்ததான முகாமில் கொடுத்த டீ சட்டை. அதை இரத்தம் கொடுக்காமலே வாங்கியவன் நான். பிறகு கதவு, அதற்கு வெளியே இரும்புக் கிரில், கிரிலுக்கு வெளியே செருப்பு அலமாரி. அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போது என் தொப்பைக்கும் கயிற்றுக்கும் நடக்கும் போராட்டத்தைப் பார்க்க அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதுதான் ஐந்து மணியின் ஒரே வசதி.

முதல் நாள் ஒரு ஷூவை மாட்டி முடித்திருந்தேன். டிங் என்று ஒரு சத்தம். நடைபாதையின் கோடியில் லிஃப்ட் திறந்தது. உள்ளேயிருந்த வெளிச்சம் தரையில் பாய் விரித்த மாதிரி விழுந்தது. யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே திறந்திருந்து மூடிக்கொண்டது. மணி ஐந்து பத்து.

இரண்டாம் நாளும் ஐந்து பத்து. மூன்றாம் நாளும். எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று நாங்கள் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. உயிரோடு இருப்பது மகா அவசரக்காரன். கையில் சாமானோடு ஏறினால் பாதிச் சாமானை வெளியே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட லிஃப்ட் அந்த நேரத்தில் மட்டும் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீங்க அமுக்கினீங்களா?”

“இல்ல.”

“அப்ப அது உங்களுக்கு வந்தது இல்ல. கூப்பிடாம வந்த லிஃப்டுல ஏறாதீங்க.”

“அது லிஃப்டு. கல்யாண வீடா, அழைப்பு இருந்தாத்தான் போறதுக்கு?”

“ஏறாதீங்கன்னா ஏறாதீங்க. ரெண்டு அலமாரி புஸ்தகம் படிச்சு என்னா புண்ணியம்?”

மறுநாள், படித்தவன் என்று நிரூபிப்பதற்காகவே ஐந்து பத்துக்கு லிஃப்ட் முன்னால் போய் நின்றேன். திறந்தது. ஏறினேன். உடனே மணி அலறியது. ஆள் அதிகம் ஏறினால் அடிக்குமே, அந்த மணி. சிவப்பு விளக்கும் எரிந்தது. எட்டுப் பேர் தாங்கும் என்று சுவரில் எழுதியிருந்தது. நான் எண்பத்தாறு கிலோ. ஒத்துக்கொள்கிறேன், அது என்னுடைய உயரத்துக்கு அதிகம்தான். ஆனால் எட்டுப் பேர் அல்ல.

வெளியே காலை வைத்தேன். மணி நின்றது. மறுபடி ஏறினேன். அலறியது. இறங்கினேன். கதவு மூடி, விளக்கு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, லிஃப்ட் என்னை விட்டுவிட்டுக் கீழே போயிற்று. போகும்போது எப்போதும் போடாத ஒரு முனகல் போட்டது.

வீட்டுக்குள் திரும்பி வந்தேன். மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாசல் தாண்டியவன் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள்: உட்கார வைத்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

அடுத்த மூன்று வாரம் படிக்கட்டு. பதினாலு மாடி இறங்கி, ஓடி, வேர்த்து, லிஃப்ட்டில் ஏறி வருவேன். ஏறி வரும்போது அது சாதாரண லிஃப்ட்தான். கீழே ராத்திரிக் காவலுக்கு இருக்கும் ஜாகா, பாகான் டாலாமிலிருந்து மோட்டாரில் வருகிறவர், சிசிடிவி திரையிலிருந்து தலையைத் தூக்கிச் சிரிப்பார்.

“அண்ணே, ஓடுறீங்களா, இல்ல யாராச்சும் வெரட்டுறாங்களா?”

“சீனி வெரட்டுது தம்பி.”

நான்காவது வாரம் வலது முழங்கால் வீங்கியது. படிக்கட்டைத் தொடக்கூடாது என்றார் டாக்டர், ஓடலாமா என்றதற்கு மெதுவாக ஓடலாம் என்றார். ஊசிக்கு இன்னும் இரண்டு மாதம். மிச்சம் இருந்தது லிஃப்ட் ஒன்றுதான்.

அன்று ஐந்து மணிக்கே வெளியே வந்து உட்கார்ந்தேன். ஐந்து பத்துக்கு முன்பே கீழே போய்விடலாம் என்பது திட்டம். முழங்கால் பட்டையை மாட்டவே நேரமாகிவிட்டது. இருட்டில் குனிந்திருந்தபோது, லிஃப்ட்டுக்கு எதிர்வீட்டுக் கிரில் சத்தமில்லாமல் திறந்தது. அங்கே தனியாக இருக்கும் சீன ஆன்ட்டி பைஜாமாவோடு வந்தார். கீழே போகும் பொத்தானை அமுக்கினார். உள்ளே போய்க் கிரிலைச் சாத்திக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நின்றார். லிஃப்ட் வந்தது, திறந்தது, காத்திருந்தது. மூடும்போது, “பான் பான் கியா” என்றார் ஆன்ட்டி. மெதுவாகப் போ என்று அர்த்தம். வாசலில் நின்று வழியனுப்புகிறவர்கள் சொல்வது. பினாங்கில் வளர்ந்தவனுக்கு அவ்வளவு ஹொக்கியன் தெரியும்.

அவர் கதவைச் சாத்திய பிறகு நான் பொத்தானை அமுக்கி, இரண்டாவது முறை வந்த லிஃப்ட்டில் இறங்கினேன். மணி அடிக்கவில்லை.

ஜாகாவிடம் கேட்டேன். “அது ஆன்ட்டி வூட்டு அங்கிளுக்கு அண்ணே. தவறி ஒரு வருசம் ஆவுது. தினமும் அஞ்சு பத்துக்கு நடக்கப் போவாரு. செருப்பு மாட்ட லேட்டாவும், அதனால ஆன்ட்டி முன்னாடியே லிஃப்ட அமுக்கிருவாங்க. இன்னும் வுடல.”

எனக்கு உயிர் வந்தது. பேய் இல்லை, பழக்கம். ஒரு மனுஷி, முப்பது வருஷம் செய்த வேலையை நிறுத்தத் தெரியாமல் செய்கிறாள். இதற்குப் போய்ப் பயந்தோமே என்று சிரித்துக்கொண்டே வாசல் வரை போனவனை ஜாகா கூப்பிட்டார்.

“ஆளு நல்ல பெருசுண்ணே! அவரு ஏறுனா நாங்கல்லாம் அடுத்த லிஃப்டுக்கு நிப்போம். மணி அடிக்கும்.”

அன்று நான் வழக்கத்தைவிட வேகமாக ஓடினேன்.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு உருவாயிற்று. ஐந்து பத்து லிஃப்ட் அங்கிளுக்கு. எனக்கு ஐந்து பன்னிரண்டு. மனைவியும் இதற்குச் சம்மதித்தாள். எங்கள் திருமணத்தில் இவ்வளவு சுலபமாக எதுவும் தீர்ந்ததில்லை. அந்த டிங் சத்தத்துக்காகவே நான் எழுந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். அந்தக் கோடியில் ஒருவர் நேரம் தவறாமல் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது படுத்திருக்கக் கூச்சமாக இருக்கும். அதிலும் அவர் நிலைமையில்.

ஊசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆன்ட்டியை அவர் மகன் தாசேக் கெலுகோரில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பெட்டி படுக்கையோடு லிஃப்ட்டுக்கு நின்ற ஆன்ட்டி என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், “காலையில் ஓடுகிறவன் நீதானே?” ஆமாம் என்றேன். முழங்காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு, அடுப்பில் பால் வைத்திருப்பதைச் சொல்கிற குரலில் சொன்னார்: “அவரிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் நீங்களே அமுக்கிக்கொள்ளுங்கள் என்று.”

மகன் கிரிலில் பெரிய பூட்டாகப் போட்டார்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தேன். ஷூவை மாட்டினேன். பட்டையை மாட்டினேன். லிஃப்ட்டுக்கு எதிரே பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி வீட்டு வாசலில் செருப்பு இருந்த இடம் மட்டும் தரை நிறம் வேறாக இருந்தது. இன்று சத்தம் வராது, பேசாமல் போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றியது. அப்படி ஒரு நாள் படுத்தால் இரண்டு வாரமும் படுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதன் முடிவில் வயிற்றில் ஊசி.

டிங்.

ஐந்து பத்து. வெளிச்சம் தரையில் விரிந்தது. கதவு திறந்தபடியே நின்றது. ஓர் ஆள், பெரிய ஆள், நிதானமாக நடந்து வந்து ஏற எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அதற்குப் பிறகும் மூடவில்லை.

பின்னால் என் வீட்டுக் கதவு. கோடியில் லிஃப்ட். நடுவில் நான், ஒரு பயத்தையும் இன்னொரு பயத்தையும் எடைபோட்டபடி. கூப்பிடாமல் வந்தது என்று இதைச் சொல்ல முடியுமா என்றும் யோசித்தேன். எனக்காகக் காத்திருப்பது போல்தான் இருந்தது.

“எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்” என்று சொல்லி ஏறினேன். இடது மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். மணி அடிக்கவில்லை. கதவு மூடியது. பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. முனகிக்கொண்டே இறங்கியது. தைலத்தின் வாசனை அடித்தது; என் முழங்காலில் தடவியதாகவும் இருக்கலாம்.

கீழே ஜாகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாண்ணே, காலி லிஃப்டுல மூலையில போயி ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

“காலியாத்தானே இருந்துச்சு?”

“காலிதான்.” அவர் இன்னொரு தடவை திரையைப் பார்த்தார். “ஏன் கேக்குறீங்க?”

நான் ஓடப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஊசி வேண்டாம் என்றார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. எடை பார்த்தார்கள்: எண்பத்திரண்டு. அன்று மணி அடிக்காததற்கு அந்த நாலு கிலோதான் காரணம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் ஐந்து பத்துக்குத்தான் இறங்குகிறேன், இடது மூலையில் நின்றபடி. எடை கூடிவிடக் கூடாது என்பதில் மட்டும் மிகக் கவனமாக இருக்கிறேன்.