அரை மணித்தியால நாடு

சைக்கிள் "டைனமோ" சூடேறினால் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு மணம் வரும். சிறுவயதில் எனக்கு உலகச் செய்தி என்றால் அந்த மணம்தான். எங்கள் பக்கத்துக்குப் "பற்றரி" வர அரசாங்கம் விடாத காலம் என்பதால், என் தகப்பனார், ஐயா, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்துவிட்டு, மிதியைக் கையால் சுற்றும் வேலைக்கு என்னை இருத்திவிடுவார். நான் சுற்றினால் உலகம் பேசும், நிறுத்தினால் வாயை மூடிக்கொள்ளும். எந்த நாடு எந்த நாட்டை அங்கீகரித்தது, எந்த எல்லையில் எவர் பேச்சுவார்த்தைக்கு இருந்தார்கள் என்று செய்தியில் வரும்போதுதான் எனக்குக் கை உளையும். அப்படிப் பாதியில் நான் கைவிட்ட நாடுகள் பல. அவற்றின் கதி என்னவாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புளியங்குளத்துக்கு உள்ளே, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். வவுனியாவுக்குப் போகிற பாதையில் இந்தப் பக்கம் இயக்கப் "பெடியளின்" தடை, அந்தப் பக்கம் அரசாங்க "ஆமியின்" தடை, நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத பற்றைக்காடு. இந்தப் பக்கத்தில் பொலிஸ் இருந்தது, வழக்குக் கேட்கக் கோடு இருந்தது, வரி இருந்தது. ஒரு நாடும் அதை நாடு என்று சொல்லவில்லை என்பது மட்டும்தான் குறை. ஐயா விரலை மடக்கி மடக்கிச் சொல்வார்: "ஒரு நாட்டுக்கு நாலு சாமான் வேணும். சனம் வேணும், எல்லை வேணும், ஆட்சி வேணும், மற்ற நாட்டோடை கொடுக்கல் வாங்கல் வேணும்." எங்கள் ஆட்டுப்பட்டியை நான் யோசித்துப் பார்த்தேன். சனம் இருந்தது, வேலி இருந்தது, ஆட்சிக்குக் கொம்பு வளைந்த கிடாய் இருந்தது, பக்கத்து வளவு முருங்கையோடு நல்ல கொடுக்கல் வாங்கலும் இருந்தது. இதைச் சொன்னதற்கு ஐயா என் காதைத் திருகினார். அதை நான் அங்கீகாரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கொழும்பு தன்னுடைய மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டது. எங்கள் பக்கம் தள்ளவில்லை. அவர்களுடையது "புது நேரம்", எங்களுடையது "பழைய நேரம்". வவுனியாவில் பத்தரை என்றால் எங்களுக்குப் பத்து. ஒரே வெயில்தான், மணி மட்டும் இரண்டு.

அந்த நாளில்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா மலருக்கு, வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரைப் பேசி முடித்தார்கள். சின்னம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்ததோ என்னவோ, வவுனியாவைப் பிடித்திருந்தது. செல் குண்டு விழாத ஊர், மின்சாரம் எரியும் ஊர், பதுங்குகுழிக்குள் பாய் விரிக்கத் தேவையில்லாத ஊர். ஆனால் இங்கிருந்து வெளியே போக "பாஸ்" வேண்டும், பாசுக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும், போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். கலியாணம் கட்டப் போகிறவள் திரும்பி வந்தாலும் வெட்கம், வராவிட்டாலும் குற்றம். ஆகவே மாப்பிள்ளை இங்கே வந்து தாலி கட்டட்டும், புருசனோடு போகிற பெண் என்று காட்டி அன்று பின்னேரமே தடையைத் தாண்டுவோம் என்று முடிவாயிற்று.

முகூர்த்தம் எங்கள் நேரப்படி பத்து மணி. மாப்பிள்ளை வீட்டாருக்குக் குழப்பம் வரக்கூடாது என்று ஐயா பெரிய மனது பண்ணி, அவர்களுடைய நேரத்துக்கு மாற்றி, "பத்தரை" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவர்களும் மரியாதை தெரிந்த ஆட்கள். பொம்பிளை வீட்டார் தங்கள் பழைய நேரத்தைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, இன்னொரு அரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பதினொன்று ஆக்கிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒருவர் நேரத்தை ஒருவர் மதித்த நாள் எனக்குத் தெரிய அது ஒன்றுதான், அதிலேதான் கெட்டுப்போனோம்.

மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வந்து சேர, நல்ல நேரம் போய்விட்டது. ஐயர் விரல்விட்டு எண்ணி அடுத்த நல்ல நேரம் பின்னேரம்தான் என்றார். மாப்பிள்ளையோடு வந்தவர்கள் சாப்பிட்ட கையோடு, தடை பூட்டமுதல் போகவேண்டும் என்று ஓடிவிட்டார்கள். தாலி ஏறி, மாலையும் கழுத்துமாக இவர்கள் இருவரும் போய்ச் சேர, தடை பூட்டியாயிற்று. நாளைக்குப் போகலாம் என்று திரும்பி வந்தார்கள். விடியக் கிழக்கே இடி முழங்கியது, மழைக்காலம் இல்லை. பாதை மறு அறிவித்தல் வரை பூட்டு.

சின்னம்மாவை வெளியே எடுக்க வந்த மனிதர் உள்ளே அகப்பட்டுப்போனது இப்படித்தான்.

சித்தப்பா நல்லவர். வயலுக்கு இறங்கினார், ஊரில் உடைந்த சைக்கிளெல்லாம் திருத்திக் கொடுத்தார், ஆனால் தன் கைமணிக்கூட்டை மட்டும் மாற்றவில்லை. ஒவ்வொரு விடியலும் அதற்குச் சாவி கொடுத்து, புது நேரத்திலேயே வைத்திருந்தார். "நான் இஞ்சை வந்து நிக்கிற ஆள்தானே, இருக்கிற ஆள் இல்லையே" என்பார். எங்கள் வீட்டுக்குள் வவுனியா ஒன்று தனியாக நடந்தது. அவர் பசி எங்கள் பசிக்கு அரை மணித்தியாலம் முன்னுக்கு வரும். நான் அவரோடும் ஒருமுறை தேத்தண்ணி குடித்து, பிறகு வீட்டோடும் குடித்து, இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் குறைவில்லாமல் அனுபவித்தேன்.

ஐயா நாலு சாமான் கதையைத் தொடங்கினால் சித்தப்பா இடையில் விழுவார்: "அஞ்சாவதாக் கதவுக்குத் திறப்பும் வேணும் அண்ணை."

"பகிடியோ தம்பி?"

"இல்லை அண்ணை. ஒருக்கால் அம்மாவைப் போய்ப் பாக்கவேணும்."

அப்போது சின்னம்மா குசினிக்குள் சட்டியைத் தேவைக்கு மேலே தேய்ப்பது கேட்கும். பாதை திறந்தால் இவர் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் அந்தத் தேய்ப்பில் இருந்தது. அது வீண் பயமும் இல்லை. சில மாதம் கழித்து, வெளியிலிருந்து வந்து அகப்பட்ட ஆட்களை மட்டும், வெள்ளைக்கொடி கட்டிய வாகனத்தோடு ஒருநாள் தாண்ட விடுவதாகச் சொன்னார்கள். இங்கத்தைய ஆட்களுக்கு இல்லை. தாலி கட்டினாலும் சின்னம்மா இங்கத்தைய ஆள்தான்.

"போய் அம்மாவைப் பாத்திட்டு, உனக்கும் அலுவல் பாத்துக் கூப்பிடுறன் மலர்" என்றார் சித்தப்பா. சின்னம்மா புட்டை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டு, அவிழ்க்கிறவன் பல்லால்தான் கடிக்கவேண்டும் என்கிற மாதிரி இறுக்கமாக இருந்தது. விடியவே சைக்கிளில் புறப்பட்டவர் வாய்க்கால் வளைவில் மறைகிற வரைக்கும் சின்னம்மா வாசலில் நின்றார். நான் டைனமோவைச் சுற்றவா என்று கேட்டேன். "ஒரு நாடும் வேண்டாம், போ" என்றார்.

பொழுது சாயும் நேரம் படலை திறந்தது. சித்தப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். புட்டுக் கட்டு அவிழ்க்காமல் அப்படியே கைபிடியில் தொங்கியது.

"என்ன?" என்றார் சின்னம்மா.

"நேரம் பிந்திப் போச்சு. பூட்டிப்போட்டாங்கள்."

சின்னம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கட மணிக்கூடு எங்கட மணிக்கூட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னுக்கெல்லோ ஓடுது. எப்பிடிப் பிந்தினீங்கள்?"

சித்தப்பா சைக்கிளைச் சுவரில் சாத்தினார். தடைக்குப் பக்கத்தில் பாலை மரத்தின் கீழே வாகனம் போகிற வரைக்கும் இருந்தாராம். கனகாலம் கழித்து ஐயாவிடம் சொன்னார். அன்றைக்கு மணிக்கூட்டைக் கழற்றிச் சின்னம்மாவின் கையில் வைத்து, "அப்ப பிழையாத்தான் ஓடுது போலை, திருத்து" என்றார். சின்னம்மா முள்ளைப் பின்னுக்குத் திருப்பினார். நான் இரண்டாம் தேத்தண்ணியை இழந்தது அந்த நிமிடத்தில்தான்.

பாதை திறக்க வருடங்கள் ஆயின. அதற்குள் அவருடைய தாய் போய்விட்டார். செய்தி வந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. சித்தப்பா கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சின்னம்மா பக்கத்தில் போகப் பயந்துபோய் வாழைக்குள் நின்றார்.

பிறகு கொழும்பே தன் மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்து எங்கள் பழைய நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களை ஒருத்தனும் ஏற்கேல்லை, எங்கட மணிக்கூட்டை ஏற்றுப்போட்டாங்கள்!" சித்தப்பா சொன்னார், "நான் அவைக்கு முதலே ஏற்றனான் அண்ணை." அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் ஓடினோம், ஐயாவை அங்கே விட்டோம், முள்ளுக்கம்பிக்குள் இருந்தோம், திரும்பி வந்தோம்.

போன கிழமை சின்னம்மா, சித்தப்பா, நான், என் மகள் நாலு பேரும் வவுனியாவுக்குக் கண் காட்ட பஸ்ஸில் போனோம். தடை இருந்த இடத்தில் தடை இல்லை, மண் அணை இல்லை, பற்றைக்காடும் இல்லை. "இஞ்சை ஒரு நாடு முடிஞ்சு மற்ற நாடு தொடங்கினது" என்று மகளுக்குக் காட்டினேன். யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கை அம்மா?" என்றாள். காட்ட ஒன்றும் இல்லை. கொஞ்சம் மாடு நின்றது.

முன் இருக்கையில் சின்னம்மா சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அவருக்கு முழங்காலும் ஏலாது, எங்கை பாய்ஞ்சு ஓடப்போறார்? கையை விடுங்கோவன் சின்னம்மா."

சின்னம்மா திரும்பவில்லை. "நீ சும்மா இரு. இந்த இடம் தாண்டட்டும்."

பஸ் அந்த இடத்தையும் தாண்டி, அடுத்த சந்தியையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சின்னம்மா கையை எடுக்கவில்லை.