கூவம் கரை வீடுகளும் அத்தாவும்

மயிலாப்பூரில் ஒரு மாலைக் கல்லூரியில், நாற்பது வயதில் ‘இஸ்லாமும் சமூகத் தலைமையும்’ படிக்கிறேன். இன்று பேராசிரியர் என் மேசையைக் கடந்தபோது அத்தர் மணத்தது. நினைவில் சிறுவயதுச் சிந்தாதிரிப்பேட்டைக்கே போய்விட்டேன்.

அத்தா, என் அப்பா, அங்கே பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர். கூவம் கரை வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்றதும், தினமும் வெள்ளைச் சட்டையில் அத்தர் தடவிக்கொண்டு, மனுவோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். திரும்பும்போது வியர்வை வாடைதான் மிஞ்சியிருக்கும். கரையில் குடியிருந்த, இட்லி விற்கும் ஜைனபு அக்கா எங்கள் வாசலில் காத்திருப்பார்.

“இன்னா பாய், நம்ம வூடு தப்பிக்குமா?”

“ஒண்ணும் ஆவாதும்மா. நான் பேசிக்கினு கீறேன்.”

மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் இடித்தார்கள். தெருவுக்குள் இருந்ததால் எங்கள் வீடு தப்பியது. லாரியில் பாத்திரங்களை ஏற்றிவிட்டு ஜைனபு அக்கா கேட்டார்: “உங்கள நம்பித்தானே பாய், வேற வூடு தேடாம குந்திக்கினு இருந்தோம்?”

அதன்பின் சாகும்வரை அத்தா எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

“தலைவரின் முதல் கடமை என்ன?” என்று வகுப்பில் பேராசிரியர் கேட்டார்.

“மக்களுக்கு நம்பிக்கை கொடுக்கணும் சார்,” என்றாள் முன்வரிசைப் பெண். அவர் அதைப் பலகையில் எழுதினார். லாரியருகே ஜைனபு அக்கா கேட்டது நினைவுக்கு வந்தது. ஆனாலும் நானும் எழுதிக்கொண்டேன்.