பொம்மைக்குக் காது கொடுப்பவள்

சைக்கிள் கம்பியை, தவழும் கிருஷ்ணன் பொம்மையின் அடிவயிற்றில் செருகி, ஒரு திருகு திருகி உருவுகிறாள் செல்வநாயகி. உதட்டைக் குவித்து அந்த ஓட்டையில் ஒரு ஊது. அப்புறம் பொம்மையைக் காதோடு வைத்துக்கொண்டு, டெலிபோனில் தூரத்து உறவினர் பேசுவதுபோலக் கண்ணை இடுக்கிக் கேட்கிறாள்.

ஓட்டை போடாத பொம்மை சூளைக்குள் போனால் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும். தான் போவது போதாதென்று பக்கத்திலிருக்கும் பிள்ளையாரையும் சரஸ்வதியையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே குத்துவது வேலை. ஊதுவது தூசி போக. காதில் வைப்பது மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.

"என்னாக்கா சொல்லுது?" என்று கலர் அடிக்கும் தென்றல் வம்புக்கு இழுப்பாள்.

"மெட்ராஸ் போவுதாம். லாரியில சன்னல் சீட்டு வேணுமாம்."

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் செல்வநாயகி கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்தவள். சாயங்காலம் கிளம்பும்போது மண் தூசியில் புருவம் வெளுத்துக் கிழவியாக இருப்பாள். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினால் பாதி வயது போய்விடும். இந்த வித்தை தெரிந்தால் சினிமாக்காரிகள் பட்டறை வாசலில் வரிசை கட்டுவார்கள் என்பது அவள் கணிப்பு. தொண்டை பெரிது. அவள் தும்மினால் கருவேப்பிலங்குறிச்சி வயலில் கொக்கு கிளம்பும் என்று பட்டறையே சத்தியம் செய்யும். கொக்குகளை யாரும் விசாரித்ததில்லை.

அந்தத் தொண்டையை வைத்துத்தான் கவிதை சொல்கிறாள். எழுதுவதில்லை. சாப்பாட்டு வேளையில் சூளைக்குப் பின்னால் போய், செல்போனை வாய்க்கு அருகில் வைத்துச் சொல்லி, கணவன் கொளஞ்சியப்பனுக்கு அனுப்பிவிடுவாள். அவன் விருத்தாசலத்துக்கும் கருவேப்பிலங்குறிச்சிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பொண்டாட்டியின் குரல் வந்து விழுந்ததும், என்ன ஏது என்று பார்க்காமல் ஆட்டோவின் பாட்டுப் பெட்டியில் போட்டுவிடுவான். அத்தனை பெருமை அவனுக்கு.

ஒன்று இப்படி:

*பதினோரு பேரு ஏறுன ஆட்டோவுல
பன்னண்டாவதா ஒரு பண்ருட்டிப் பலாப்பழம்.
அதுக்கு மட்டுந்தான் மடி கெடச்சுது.*

சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். "நாயகி பாட்டு போடுப்பா" என்று கேட்டு வாங்கும். ரிட்டையரான தமிழ் வாத்தியார் பழமலைநாதன் மட்டும் சிரிக்காமல், முன்சீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். "உவமை பரவால்ல. ஆனா கொச்சையா இருக்குது. ஒரு தாய் கவிதை சொன்னா நிலா வரணும், தொட்டில் வரணும்."

"வாத்தியாருக்கு நிலா வேணுமாம்" என்று கொளஞ்சியப்பன் வீட்டில் வந்து சொல்வான்.

"ஆட்டோவுல எடமில்லன்னு சொல்லுங்க."

இப்படிப்பட்டவள் கோடை பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தை அடக்கி வைத்திருந்தாள். பெண் காலேஜில், பையன் பிளஸ் டூவில். இந்த நேரத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். கணவனிடம் சொன்னால் ஆட்டோவுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவான். அப்புறம் எந்த வாயால் வேண்டாம் என்பது? சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்ததற்கு முந்தின நாளே அது தானாகக் கலைந்துவிட்டது. விரும்பியதுதானே நடந்தது என்று எழுந்து வேலைக்கு வந்தாள். வந்து, முதல் பொம்மையைக் காதில் வைத்தவள், வெகுநேரம் எடுக்கவில்லை. "என்னாக்கா சொல்லுது?" என்று தென்றல் கேட்டதும் அதைப் பலகையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

நேருக்கு நேர் சொல்ல வராததைக் குரலில் சொல்லி அனுப்பிவிடலாம் என்று போன வாரம் துணிந்தாள். அவன் மத்தியானம் வீட்டுக்கு வந்து, காலி ஆட்டோவில் காலை நீட்டிப் படுக்கிற நேரமாகப் பார்த்து அனுப்பினாள். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம் என்பதும், மணவாளநல்லூர் கோயிலில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம் என்பதும், அவன் சோற்றுக்குக்கூட இறங்காமல் ஓட்டிக்கொண்டிருப்பான் என்பதும் அவள் புத்தியில் ஏறவில்லை.

அம்புஜவல்லி பட்டறைக்குள் வந்தபோதுதான் ஏறியது. கூட வேலை செய்கிறவள், மூத்தவள். கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக, வீட்டுக்குப் போகாமல் நேராக வந்து மண்தரையில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி நாயகி, என்னா அனுப்புன நீ?"

"யாருக்கு?"

"உம் புருசனுக்கு. ஆட்டோ நெறைய ஆளு. நானும் இருக்கேன். புதுசு வந்திருக்குதுன்னு போட்டுட்டாரு."

செல்வநாயகியின் கையில் இருந்த கம்பி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, பொம்மையின் முதுகு வழியே வெளியே வந்தது.

அம்புஜவல்லி நடந்ததைச் சொன்னாள். எடுத்த எடுப்பில் சனம் சிரித்ததாம், பழக்க தோஷத்தில்.

*அச்சுல கூழு ஊத்தி
தோலு கட்டுறவரைக்கும் காத்திருக்கணும்.
அவசரப்பட்டுக் கவுத்தா
பொம்மையும் சேந்து ஒழுவிடும்.*

"பட்டறைய வச்சுப் பாடுறா. மண்ணுக் கூழு அச்சுல தோலாப் படியணும்ல" என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கம் சொன்னாளாம். அப்புறம் அந்தக் குரல், கொக்கு கிளப்புகிற குரல், தாழ்ந்து வந்ததாம்.

*வேணான்னு நெனச்சேன். நெனச்சது மட்டுந்தான்.
திங்கக்கெழம டாக்டரம்மாகிட்ட போவ
செவப்புச் சீலய மடிச்சு வச்சிருந்தேன்.
ஞாயித்துக்கெழமையே நீ கெளம்பிட்ட.
வாயத் தொறந்து நான் சொல்லவேயில்ல.
உனக்கு எப்படிக் கேட்டுச்சு?*

"பூ வச்ச தலையெல்லாம் அப்படியே நின்னுபோச்சுடி" என்றாள் அம்புஜவல்லி. "எறங்க வேண்டிய எடத்துல ஒருத்தரும் எறங்கல. அவரும் நிறுத்தல. சும்மா ஓட்டுறாரு, ரெண்டு ஸ்டாப்பு தாண்டி. வாத்தியாருதான் தொண்டையச் செருமிக்கிட்டு, 'கவிதையில நான்னு வந்தா அது சொல்றவங்களா இருக்கணும்னு இல்லப்பா. யாரோ ஒருத்தி மாதிரி கற்பனை பண்ணிச் சொல்றது'ன்னாரு. நல்ல மனுசன், தப்பிச்சுக்க வழி காட்டுறாரு."

"இவரு என்னா சொன்னாரு?"

"'இல்ல சார். அந்தச் செவப்புச் சீலய நான் பாத்தேன். எங்க கெளம்புறன்னு கேக்காம போயிட்டேன்'னாரு."

தென்றலின் தூரிகை சரஸ்வதியின் ஒரு கண்ணோடு நின்றுவிட்டது. சூளைப் பக்கத்து ஆட்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள். செல்வநாயகி முதுகில் ஓட்டை விழுந்த பொம்மையைப் பிசைந்து கூழ்த்தொட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். குத்தவில்லை, கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

ஆட்டோ சத்தம் கேட்டது. கொளஞ்சியப்பன் உள்ளே வந்தான். அத்தனை வருஷத்தில் பட்டறை வாசலில் ஹாரன் அடித்திருக்கிறானே தவிர உள்ளே வந்ததில்லை. பலகையில் வரிசையாகத் தவழ்ந்து கொண்டிருந்த கிருஷ்ணன்களைப் பார்த்துவிட்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஊருக்கெல்லாம் கேட்டுச்சு. எனக்குக் கடைசியாத்தான் கேட்டுச்சு" என்றான்.

"உங்களுக்குத்தான் அனுப்புனேன்."

"முன்னயே சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா வச்சுக்கன்னு சொல்லிருப்பீங்க."

அவன் யோசித்தான். "சொல்லிருப்பேன்" என்றான்.

அம்புஜவல்லி தாம்பூலப் பையைத் தூக்கிக்கொண்டு, தென்றலையும் இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவன் குனிந்து பலகையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தான். காலையில் அவள் ஓட்டை போட்டு வைத்தது. சூளைக்குப் போகாத பச்சை மண், கொஞ்சம் அழுத்தினால் பொடியாகிவிடும்.

"இதத்தான் காதுல வச்சுக் கேப்பியா?"

"அமுக்கிடாதீங்க."

பழக்கமில்லாத கை. கிருஷ்ணனின் தலையைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் அவளைப் பார்த்தான். செல்வநாயகி கம்பியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, அவன் விரல்களோடு சேர்த்துப் பொம்மையைப் பிடித்து மெல்லத் திருப்பி, ஓட்டை இருந்த பக்கத்தை அவன் காதோடு பொருத்தி வைத்தாள்.