முதல் சனிக்கிழமைச் செருப்புகள்

என் தம்பிக்குச் செருப்புக்கடை இருந்தது. சபை இருக்கிற அதே தெருவில், ரொட்டிக்கடைக்கு அடுத்த வாசல். கடை என்றால் நீளமாக ஒரே அறை. இரண்டு பக்கமும் உத்தரம் வரைக்கும் அட்டைப் பெட்டிகள், நடுவில் ஒரு பெஞ்சு, தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் முகம் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி இறக்குகிற தகடு ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கும். தூங்கும்போதுகூட அதை எடுக்கமாட்டான் என்பாள் அவன் பெண்டாட்டி. தெருப் பிள்ளைகளுக்கு அவன் தகடு மாமா.

கடைக்கு மேலேதான் வீடு. நானும் அவர்களோடு இருந்தேன். அதனால் இதில் நான் பார்க்காதது எதுவும் இல்லை. யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சபையின் கூரை ஒழுக ஆரம்பித்தது. மழை நாளில் பாட்டுக் குழுவுக்கு நடுவே வாளி வைத்துக்கொண்டுதான் பாடினார்கள். வாளி நிரம்பினால் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை விற்கிறதில் பத்தில் ஒன்று கூரைக்கு என்று அவனாகவே போய் வார்த்தை கொடுத்தான். அவனைப் பார்த்து ரொட்டிக்காரரும் கொடுத்தார். அடுத்த ஆராதனையில் போதகர் இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "இந்தக் கடைகளை மறந்துடாதீங்க" என்றார்.

மறக்கவில்லை. அதுதான் வினையாக முடிந்தது.

முதல் சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. பெஞ்சில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. நான்கூட இறங்கிப் போய்ப் பெட்டி எடுத்துக் கொடுத்தேன். தம்பிக்கு வாயெல்லாம் பல். ஆனால் மற்ற நாட்களில் கடைப்பக்கம் ஆள் வருவது மெல்ல மெல்ல நின்றது. வாசலில் நின்று பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், "சனிக்கிழமை வரோம்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எப்படியும் வாங்கத்தானே போகிறோம், அன்றைக்கு வாங்கினால் கூரைக்கும் சேருமே என்கிற நல்ல எண்ணம்தான்.

ரொட்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. "பசி சனிக்கிழமை வரைக்கும் பொறுக்காது, அண்ணே. செருப்புதான் பொறுக்கும்" என்று அவரே ஒரு நாள் தம்பியிடம் வருத்தப்பட்டார். ஒரு ஜோடி விற்றால் தம்பிக்கு நிற்கிற லாபமே ஏறக்குறைய அந்தப் பத்தில் ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள் லாபத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று அவன் நினைத்தான். எல்லா வியாபாரமும் அந்த ஒரு நாளிலேயே வந்து விழுந்தால், மாதம் முழுக்கச் சும்மா உழைத்த மாதிரி.

ஒரு செவ்வாய்க்கிழமை, தையல்காரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். பிள்ளையின் ஷூ அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"உள்ள வாம்மா, இன்னிக்கே வாங்கிட்டுப் போ" என்றேன்.

"சனிக்கிழமை வரோம், பெரியம்மா. கோயிலுக்குச் சேரும்ல."

"கோயிலுக்குச் சேரும். பிள்ளை கால்ல கல்லுல்ல குத்தும்?"

அவள் முகம் வாடிவிட்டது. தம்பி உள்ளேயிருந்து ஓடி வந்தான். "அக்கா சும்மா சொல்றாங்கம்மா. நீ சனிக்கிழமையே வா" என்றான். பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்து, பிளந்த அடிக்குப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அவன் பெண்டாட்டி ஆரம்பித்தாள். "ஒட்டுங்க, நல்லா ஒட்டுங்க. சாமிக்குக் கூரை போட்டுட்டு நாம வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்."

"சாமி பேச்சு எடுக்காதே" என்றான்.

"சாமிகிட்ட எனக்கு என்னடா சண்டை? ஜனங்ககிட்ட சொல்லு" என்றேன். "இல்ல, போதகர்கிட்டயாவது போய்ச் சொல்லு. வருஷக் கடைசியில முடிஞ்சதைக் கொடுக்கிறேன், சனிக்கிழமைக் கணக்கு வேண்டாம்னு சொல்லு. அவர் என்ன கடிச்சா தின்னுடுவார்?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. காலையிலும் அதையே சொன்னேன், மறுநாளும் சொன்னேன். கடைசியில் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். தகடு மட்டும் பழைய சட்டையிலிருந்து புதுச் சட்டைக்கு வந்துவிட்டது.

திரும்பி வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா, சொன்னியா?"

"ஏணி மேல நின்னுட்டிருந்தார். கீழே இறங்கி வந்து கையைப் பிடிச்சுட்டார். இந்தப் பக்கம் முழுக்க உங்க சனிக்கிழமைதான், மழைக்கு முன்னாடி அந்தப் பக்கமும் முடிஞ்சுடும்னார்."

"நீ என்ன சொன்னே?"

"சந்தோஷம்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நானே போய்ச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். அவன் எழுந்து வழியில் நின்றான். "நீ போய்ச் சொன்னா அப்புறம் அந்த வாசல்ல நான் எந்த முகத்தோட கால் வைப்பேன், அக்கா? கொடுத்துட்டுக் கணக்குச் சொன்னான்னு ஆயிடும்." சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்த அதே முகம். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

மழைக்கு முன்னால் கூரை முடிந்தது. அதற்கு முன்னால் கடை முடிந்தது. சரக்கு அனுப்புகிறவர்கள் இனிக் கடனுக்கு இல்லை என்றுவிட்டார்கள். பெட்டிகள் குறைந்து குறைந்து சுவர் தெரிந்தது. அந்தச் சுவரின் நிறத்தையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

கடையை மூடப் போவதாகப் பலகை வைத்ததும் தெருவே திரண்டு வந்தது. அன்றைக்கு வாரத்தின் நடுநாள். தையல்காரி அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மத்த நாள்லயும் வந்திருப்போமே, அண்ணே" என்றாள். போதகரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தம்பி மண்டியிட்டு அவர் காலை அளந்துகொண்டிருந்தான்.

"அன்னிக்கு நீங்க வந்தது இதைச் சொல்லத்தானா?" என்று கேட்டார்.

"பாதிக் கூரை நின்னுட்டிருந்தது, ஐயா. அப்ப எப்படிச் சொல்றது?"

அப்போது வாசலில் நின்ற காது மந்தமான தாத்தா ஒருவர் சத்தமாகக் கேட்டார். "இன்னிக்கு வாங்கினாலும் கோயிலுக்கு உண்டாப்பா?"

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி கட்டிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே மேஜை மேல் வைத்தாள். இல்லை என்று சொல்லு, சொல்லு என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"உண்டு, தாத்தா" என்றான்.

போதகர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். இவன் கேட்கவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து, அது ஒன்றுதான் விற்காமல் மிஞ்சியது.

இப்போது கடைத்தெருவில் இருக்கிற பெரிய செருப்புக்கடையில் சம்பளத்துக்கு நிற்கிறான். அங்கே ஒவ்வொரு நாற்காலியிலும் தகட்டைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் இவன் சட்டைப் பை தட்டையாகக் கிடக்கிறது. பிள்ளைகள் இன்னும் தகடு மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆராதனை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஜனங்கள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு விழாது. பிறகு திரும்பி இவனைப் பார்ப்பார்கள். இவன் அப்போது குனிந்து அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாதிப் பேர் காலில் இன்னும் இவன் கடைச் செருப்புதான்.