மதாமின் பாலே உடுப்பு

மதாமின் பாலே உடுப்பைக் கிழித்தவள் நான்தான். சுனாமி வந்துபோனதற்கு மறுவருஷம் அது. நான் நாலாம் வகுப்பு.

அப்போது உப்பளம் என்ற பேட்டையில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிரான்சிலிருந்து வந்த ஒரு மதாம் தன் வீட்டு மாடியில் தையல்கூடம் வைத்திருந்தார். அங்கே தைத்த நாலு பெண்களில் சித்தியின் கைதான் சுத்தம் என்று பெயர். அந்த வருஷம் மதாம் சிறுமிகளுக்காக விதவிதமான கவுன்கள் தைத்து, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டப்போவதாக இருந்தார். பிள்ளைகளின் விளையாட்டு, மரத்து இலைகள், பாலே ஆடுகிறவர்களின் உடுப்பு, மூன்றையும் கலந்து செய்வதாக யோசனை.

பாலே என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"கட்டைவிரல் நுனியில நின்னுக்கினே ஆடுவாங்களாம்க்கா" என்றாள் சித்தி.

"அய்யோ பாவம்" என்றாள் அம்மா.

மதாம் எட்டு வயதில் ஆடியபோது போட்ட உடுப்பு ஒன்று அவரிடம் இருந்தது. வெளுத்த ரோஜா நிறம். இடுப்புக்குக் கீழே நெட் துணி அடுக்கடுக்காக, கீழே தொங்காமல் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். அந்த மடிப்பு எப்படி வந்தது என்று நிதானமாகப் பார்த்து அளவெடுக்க, ஒரு சனிக்கிழமை அதை ஒரு டப்பாவில் வைத்துச் சித்தியிடமே கொடுத்தனுப்பினார். வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார் என்று சித்தி இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சித்தி மீன் வாங்க வைத்திக்குப்பம் போனாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது போட்ட வெள்ளை கவுனைத் தவிர நெட் துணி என் உடம்பில் பட்டதே இல்லை. டப்பாவைத் திறந்தேன். போட்டும் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்ட வாசலுக்குப் போனேன். அவள் தரையில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நானும் நொண்டியடித்தேன். குதிக்கும்போதெல்லாம் பாவாடை என்னோடு எழும்பி, ஒரு கணம் தாமதித்துத்தான் கீழே இறங்கியது. கடைசிக் கட்டத்தில் திரும்பியபோது பக்கத்தில் நின்ற சைக்கிளின் கேரியரில் மாட்டிக்கொண்டது. சத்தமே பெரிதாக இல்லை. பார்த்தால் மூன்று அடுக்கும் ஒரு சாண் நீளத்துக்குப் போயிருந்தது.

மீன் பையோடு வந்த சித்தி என்னை அடிக்கவில்லை. ஊசி எடுத்து ஒரு தையல் போட்டுப் பார்த்தாள். பழைய துணி, ஊசி பட்ட இடமெல்லாம் வெங்காயச் சருகு போல உதிர்ந்தது. ஊசியை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"பிரிச்சிப் பாக்கும்போது என் கை பட்டுக் கிழிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டேன்க்கா."

"இன்னாத்துக்குடி அப்பிடிச் சொன்ன? இவளைச் சொல்ல வேண்டிதானே?"

"நம்பிக் குடுத்தாங்க. கொழந்த மேல பழியப் போட்டா அது இன்னும் அசிங்கம்."

மதாம் திட்டவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள். கவுன்களை வெட்டித் தைக்கும் வேலை இன்னொருத்திக்குப் போனது. சித்திக்குக் கொக்கியும் பட்டனும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மன்னிப்புக் கேட்க என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். "பர்தோன்" என்றார். அடுத்த சனிக்கிழமை தனியாகவே நடந்து போனேன்.

மதாம் முற்றத்தில் உட்கார்ந்து பூவரசம் இலைகளைக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். மாடியில் மிஷின் சத்தம்.

"மதாம், நான்தான் கிழிச்சேன். பர்தோன்."

அவர் சிரித்து ஒரு பிஸ்கட் கொடுத்தார். அவருடைய அரைகுறைத் தமிழுக்கு அது புரியவில்லை என்று தெரிந்தது. எனவே நடித்துக் காட்டினேன். செங்கல் துண்டால் தரையில் கட்டம் போட்டேன், நொண்டியடித்தேன், திரும்பினேன், அங்கிருந்த நாற்காலியில் என் கவுனை மாட்டி இழுத்தேன். அவர் கை தட்டி, ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி!"

குதித்தேன். அவர் வரைந்தார். இன்னொரு வாட்டி. எட்டு ஒன்பது தடவை ஆயிற்று, கெண்டைக்கால் வலித்தது. செய்த தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் சர்ச் சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார் அல்லவா, அதைப் போல மதாம் கொடுக்கும் அபராதம் இது என்று எடுத்துக்கொண்டு, ஒன்றைக்கூடக் குறைக்காமல் குதித்தேன்.

சத்தம் கேட்டுச் சித்தி இறங்கி வந்தாள். தரையில் இருந்த கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன் பாப்பா நல்லா ஆடுது" என்றார் மதாம்.

சித்தி வாயைத் திறந்தாள். பிறகு என் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சித்தி."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"சரி. ரோட்டப் பாத்துப் போ."

இரண்டு மாதம் கழித்து அதே முற்றத்தில் கவுன்களைக் காட்டினார்கள். போட்டிருந்த சிறுமிகள் யாரும் நடந்து வரவில்லை. சுண்ணாம்புக் கட்டங்களில் நொண்டியடித்து வந்தார்கள். பச்சைப் பட்டில் வெட்டிய இலைகள் தைத்த நெட் பாவாடைகள் அவர்களோடு எழும்பி மெல்ல இறங்கின. கடைசியில் மதாம் தைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். மூன்று பெண்கள் அவர் பக்கத்தில் நின்றார்கள். சித்தி தூணை ஒட்டி, கொஞ்சம் தள்ளி நின்றாள். அவளுக்கு எப்போதும் கூச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு பலமாகக் கை தட்டினேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சித்தி சொன்னாள். மதாம் ஊருக்குத் திரும்பிப் போகும்வரை, அதைக் கிழித்தது சித்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் விளையாட வந்ததாகத்தான் அவருக்கு எண்ணம்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே சித்தி?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ மன்னிப்பு கெடச்ச மாதிரி நின்னுக்கினு இருந்த. அப்புறம் எங்க சொல்றது" என்றாள்.