முதல் வரிக்குப் பிள்ளையார்

இரண்டு என்ற எண்ணை அழுத்திவிட்டு, அழுத்திய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார் யோகலிங்கம். பிறகுதான் பைலின் மிச்சம். தட்டச்சுப் பலகையில் தமிழ் இல்லை. உள்ளவற்றில் பிள்ளையார் சுழியின் முகச்சாயல் இரண்டுக்குத்தான் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். கடிதமோ கடைச் சிட்டையோ, சுழி போடாமல் எதையும் தொடங்கி அறியாத மனிதர். கொம்பியூட்டருக்கு மட்டும் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?

உடையார்கட்டில் இரண்டு கிடுகுக் கொட்டில்களுக்குள் நடக்கிறது அந்தத் தொழில்நுட்ப நிலையம். முதல் கொட்டிலில் இருக்கும் கொம்பியூட்டர் மின்சுற்றுகளை ஓட்டிப் பார்க்கும். வயர் வேண்டாம், ஈயம் வேண்டாம்; சுற்று கணக்கிலேயே எரியும், கணக்கிலேயே பிழைக்கும். வெளியே ஒரு ரான்சிஸ்ரர் வாங்க வழியில்லை, அது போர்க்காலத் தடைப்பட்டியலில் பற்றறிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளேயோ அள்ள அள்ளக் குறையாது. ஊரில் கரண்ட் போய் ஒன்பது வருடம். போன கரண்ட் வந்தால் எப்படி ஓடும் என்று தசமப் புள்ளி தவறாமல் கணக்கிட ஒரு மெசின். அதை ஓட்ட, மண்ணெண்ணெய் குடித்து இருமுகிற ஒரு ஜெனறேற்றர்.

இரண்டாம் கொட்டிலில் இருப்பது உதவி நிறுவனம் ஒன்று கொடுத்த மெசின். அந்த எண்களை வாங்கிக் கோட்டுப்படம் கீறுவது அதன் வேலை. ஆனால் முதலாவது எழுதும் பைலை இரண்டாவது வாசிக்காது. அது எண்களுக்கிடையே வெறும் இடம் விடும். இது காற்புள்ளி கேட்கும். அது பக்கத்துக்குப் பக்கம் தலைப்புப் போடும். இது நடுவில் தலைப்பைக் கண்டால் முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பவர்தான் யோகலிங்கம். தலைப்புகளை ஒவ்வொன்றாக அழிப்பார். காற்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குத்துவார். முரசுமோட்டையில் வயலும் றேடியோ திருத்தும் கடையும் வைத்திருந்தவர் என்பதால், வரிகளை நெல் அளக்கிற மாதிரியே எண்ணுவார்: ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார், பிறகு இரண்டு, மூன்று. எண்ணி முடிந்ததும் பைலைப் பிளொப்பியில் ஏற்றி, ஈரம் பிடிக்காமல் அரிசி போட்ட பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைத்து, முற்றத்தைக் கடந்து இரண்டாம் கொட்டிலுக்குக் காவிச் செல்வார்.

இதையெல்லாம் ஒரு நொடியில் முடிக்கிற சின்னஞ்சிறு நிரல் ஒன்றை மாணவி நிரோசினி எழுதிக் கொடுத்தாள். மரியாதையாக வாங்கி மேசை இலாச்சிக்குள் வைத்தார். "கை படாத கணக்குக்கு உயிரில்லைப் பிள்ளை" என்றார்.

நிலையத்தின் பணிப்பாளர் மரியநேசன், முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். வருகைப் பதிவுப் புத்தகத்தில் பக்கத்தின் உச்சியில் சிலுவை போடாமல் அவருடைய பேனா நகராது. ஆனால் பைலின் உச்சியில் அந்த இரண்டைக் கண்ட அன்று அவருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார்.

"கணக்குக்கு முன்னால உது என்ன இரண்டு? விஞ்ஞானத்துக்க சமயத்தைக் கொண்டுவராதேங்கோ."

யோகலிங்கம் ஓம் என்று சொல்லிவிட்டு அன்றைய பைலைச் சுழியில்லாமல் தொடங்கினார். சட்டை போடாமல் சபைக்குப் போன கூச்சம் அவருக்கு.

அன்றைய பைல் லேசுப்பட்டதும் அல்ல. ஊர் மருந்துச்சாலைக்குத் தடுப்பூசி மருந்து வைக்க, சூரிய வெளிச்சத்தில் ஓடும் பிறிட்ஜ் ஒன்று வந்திருந்தது. சுற்றுவட்டாரத்துக்கே அது ஒன்றுதான். எரிந்து போனால் இன்னொன்றுக்கு அனுமதி கிடைப்பதற்குள் ஊசி போட வேண்டிய குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விடும். அதற்குக் கரண்டை அளவாகக் கொடுக்கும் சுற்றை நிரோசினி வரைந்திருந்தாள். மண்ணெண்ணெய்ச் சிக்கனத்துக்காக, இருபது வரிகளோடு கணக்கை நிறுத்தும்படி மரியநேசன் உத்தரவிட்டிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு உதவி நிறுவன அதிகாரி முன்னிலையில் சுவிச்சுப் போடுவதாக ஏற்பாடு.

கோட்டுப்படம் வந்தது. பதினாலு வோல்டில் தொடங்கி, ஆடாமல் அசையாமல் ஒரே கோடு. மரியநேசன் பூரித்துப் போய், இஸ்திரி போட்ட சட்டையை மாற்றிக்கொள்ளப் புறப்பட்டார்.

யோகலிங்கம் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. லாபம் என்று சொல்லி அவர் காற்புள்ளி குத்திய முதல் வரியில் இருந்தது இருபத்தொரு வோல்ட். சுவிச்சுப் போட்ட கணத்தில் பாய்கிற வோல்ட் அது. பிறிட்ஜோ பதினைந்துக்கு மேல் தாங்காது. படத்தில் அந்த இருபத்தொன்றைக் காணவில்லை. பிள்ளையார் கோபித்துக்கொண்டு எடுத்துப்போய்விட்டார் என்றே நினைத்தார். நிரோசினியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நிரோசினி கைநூலைப் புரட்டினாள். வரும் பைலின் முதல் வரி எதுவானாலும் அதைத் தலைப்பென்று எடுத்து வீசிவிடுவதுதான் படம் கீறும் மெசினின் வழக்கமாம். இவ்வளவு நாளும் அது வீசியது சுழியை. இன்றைக்குச் சுழி இல்லை, இருபத்தொன்றை வீசிவிட்டது.

யோகலிங்கத்தின் முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"அப்ப இரண்டு வருசமா பிள்ளையார் தன்னைத் தின்னக் குடுத்தெல்லோ எங்கட லாபத்தைக் காப்பாத்தினவர்."

மணி இரண்டரை. இரண்டைத் திரும்பப் போட்டால் பணிப்பாளர் கௌரவப் பிரச்சினை ஆக்குவார். வழக்காடி முடிப்பதற்குள் பிறிட்ஜ் புகைந்துவிடும். சட்டை மாற்றி வந்த மரியநேசனை மெசினுக்கு முன் இருந்த கதிரையில் இருத்தி, கைநூலை விரித்துக் காட்டினார் யோகலிங்கம். பிறகு பணிவாகச் சொன்னார்.

"முதல் வரியில என்னவும் ஒண்டு இருக்கவேணும் சேர். உங்கட கையால ஒரு சிலுவை போட்டுவிடுங்கோ."

மறுக்க ஒரு விஞ்ஞானக் காரணம் தேடினார் மரியநேசன். அகப்படவில்லை. பைலைத் திறந்து, உச்சியில் ஒரு கூட்டல் குறியை அழுத்தி, படத்தை மறுபடி கீறவிட்டார். கோடு இருபத்தொன்றில் தொடங்கிச் செங்குத்தாய் விழுந்தது. அவர் எழுந்து, சட்டை கசங்குவதையும் பாராமல் சைக்கிளில் ஏறி மருந்துச்சாலைக்கு மிதித்தார். நிரோசினி பழைய றேடியோ ஒன்றைக் கவிழ்த்து, பாய்ச்சலை மறிக்க ஒரு சாமான் தேடத் தொடங்கினாள்.

கொட்டிலில் தனித்த யோகலிங்கம் பைலைத் திறந்தார். சிலுவையை அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், அதே வரியில், ஓர் இரண்டை அழுத்தி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.